வெள்ளை மாத்திரை, மஞ்சள் மாத்திரை

‘தொட்டிலுக்கு மேல கூரை ஒழுகுதுங்க. பிள்ளை நனையுதுங்க. ரெண்டு தகரம் மாத்தினாப் போதுங்க.’

மனசுக்குள் எவ்வளவு மடமடவென்று வருகிறது. தேயிலைக் கொழுந்து பறித்தபடியே பூரணி நூறு தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள். வாயைத் திறந்தால்தான் முதல் எழுத்திலேயே வண்டி நின்றுவிடும்.

தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பராவில், அவளுடைய ஆறு மாதக் குழந்தையின் தொட்டில் சரியாக ஓட்டைக்குக் கீழே தொங்கியது. இருமல் தொடங்கி ஒரு வாரம். சனிக்கிழமை ஆபீசில் தோட்டத்தை நடத்தும் துரையிடம் முறையிடலாம். ஆனால் குறை உள்ளவரே நேரில் வந்து சொல்ல வேண்டும் என்பது புதுத் துரையின் சட்டம். அவரோ யாரிடமும் பேசுவதில்லை. உத்தரவெல்லாம் துண்டுச் சீட்டில்தான். அதுவல்லவா துரைத்தனம் என்று லயத்துக் குடியிருப்பே மெச்சிக்கொண்டது.

தோட்டத்து மருந்துக்காரர் கணேசமூர்த்தி தாமாகவே அவளைக் கூப்பிட்டனுப்பியதுதான் ஆச்சரியம். எந்த நோய்க்கும் ஒரே சிவப்புத் தண்ணீரை ஊற்றி விரட்டுகிற மனிதர்.

“நாக்குல ஒரு கோளாறும் இல்ல பிள்ள. எல்லாம் மூளையில. அங்க ஒரு ரசம் ஊறுது. அது கூடிப்போனா நாக்குக்குப் போற உத்தரவு கொழம்பிரும். காலையில பெரட்டுல ஆள் பிரிக்கும்போது நாலு கங்காணி ஒண்ணா கத்துனா நீ எந்த மலைக்குப் போவ?”

“எ... எந்த மலைக்கும் போ... போகமாட்டேங்க.”

“ஒன் நாக்கும் அப்பிடித்தான் நிக்குது. இந்த வெள்ளை மாத்திரை ரசத்தைக் கொறைக்கும்.”

குறைத்தது. மறுநாள் பெரட்டில் பெயர் கூப்பிட்டதும் “இருக்கேங்க” என்று திக்காமல்தான் சொன்னாள். அதற்குள் மற்றப் பெண்கள் மலையில் பாதி ஏறிவிட்டிருந்தார்கள். பத்து மணிக்குத் தேயிலைச் செடியில் சாய்ந்து, கூடையோடு தூங்கிக்கொண்டிருந்தாள்.

“செடிக்கு முட்டுக் குடுத்திருக்கியா?” என்றார் கங்காணி ஆண்டியப்பன்.

“சத்தம் போடாதீங்க கங்காணி. மூளையில ரசம் வத்திப்போச்சாம்,” என்றாள் பக்கத்து நிரை ராக்காயி.

“அது என்னைக்கு இருந்துச்சு, இன்னைக்கு வத்த?”

மருந்துக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டு நோட்டில் எழுதினார். எத்தனை மணி நேரம் தூங்கினாள், வாய் காய்ந்ததா, கை நடுங்கியதா? தன் மேல் இவ்வளவு அக்கறை கொண்ட ஆளை பூரணி பார்த்ததே இல்லை. கட்டினவன்கூட அவளிடம் இத்தனை கேள்வி கேட்டதில்லை.

“இப்ப ரசத்தைக் கொஞ்சம் ஏத்திப் பாப்போம்,” என்று மஞ்சள் மாத்திரையை எடுத்தார்.

ஏறியது. அடுத்த நாள் கங்காணி அவள் கூடையைக் குறை சொன்னதும், ஒரு வருடமாக மனசுக்குள் மடித்து வைத்திருந்த வசவுகள் எல்லாம் ஒரே வாசலில் முண்டியடித்தன. முன்பைவிட மோசமான திக்கல். ஒவ்வொரு வசவும் மூன்று முறை விழுந்தது.

“ஒரு தடவ சொன்னாவே வெளங்கும் பிள்ள,” என்றார் ஆண்டியப்பன், அழாக்குறையாக.

சனிக்கிழமை ஆபீஸ் வாசலில் மழை. குழந்தையின் இருமல் இன்னும் அவள் காதில் இருந்தது. மருந்துக்காரர் குடையோடு ஓடிவந்தார்.

“பாதி வெள்ளை, பாதி மஞ்சள். சேத்து முழுங்கிரு. உள்ள போய்ப் பேசிட்டு, எப்பிடி இருந்துச்சுன்னு மறக்காம வந்து சொல்லு.”

அவள் கை நீட்டியபோது, துரை பங்களாவில் சமைக்கும் குசினிக்காரர் முத்துலிங்கம் தேநீர்த் தட்டோடு உள்ளேயிருந்து வந்தார்.

“டாக்டரையா, வெள்ளையா மஞ்சளான்னு ஒரு முடிவுக்கு வந்தீங்களா? தன்னோட திக்குவாய்க்கு இன்னைக்காவது மாத்திரை வருமான்னு துரை துண்டு எழுதியிருக்காரு. பாவம், டீ கேக்குறதுக்குள்ள தண்ணி ஆறிப்போவுது.”

மருந்துக்காரர் நோட்டைக் குடைக்குப் பின்னால் மறைத்தார். மாத்திரை வைத்திருந்த கை மட்டும் இன்னும் நீண்டிருந்தது.

“போடு பிள்ள. இது ஒண்ணுதான் பாக்கி.”

பூரணி அந்தக் கையை மெதுவாக மூடிவிட்டாள்.

“வே... வேணாங்க. நா... நான் இப்பிடியே போறேன். அவரு கா... காத்திருப்பாரு.”