மச்சானுக்குப் பசியில்லை

இன்றைக்கும் மீன் முகத்தைத் திருப்பிக்கொண்டது. மாப்பிள்ளை தூவிய தீனி அதன் வாயருகே மிதந்து, மெல்லத் தொட்டியின் அடியில் போய்ப் படுத்தது.

மாமனார் வீட்டு வரவேற்பறையில், கடல் தண்ணீர்த் தொட்டியில் வளரும் செல்ல மீன் அது. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை. மகன் இல்லாத வீடு என்பதால் அதற்குத் 'தம்பி' என்றே பெயர். முறைப்படி பார்த்தால் மாப்பிள்ளைக்கு மச்சான்.

மூத்த மகள் வீட்டுக்குக் கிளம்பும்போது மாமனார் சாவியைக் கையில் வைத்து, "தினமும் சாயங்காலம் ஒரு சிட்டிகை போட்டாப் போதும் மாப்பிள்ளை. உங்களை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு பல்பு மாட்டக்கூட இவரை நம்பாத மனிதர். மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. தான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில், கண்ணைச் சோதிக்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார்.

அந்த மீன்தான் இப்போது பட்டினி கிடக்கிறது. அது செத்துப் போனால் மாமனார் முகத்தில் எப்படி விழிப்பது?

"இறாலைப் பூண்டுச் சாறுல ஊறவெச்சுப் போடுங்க சார். வாசனைக்கே ஓடி வரும்" என்றார் வளர்ப்பு மீன் கடைக்காரர்.

ஓடித்தான் போனது, பாறைக்குப் பின்னால். மறுநாள் தண்ணீர் கஞ்சியாகக் கலங்கியிருந்தது. வீடெல்லாம் பூண்டு வாடை.

"கொஞ்சம் தண்ணியை மாத்துங்க சார்."

மாற்றினார். அவசரத்தில் உப்புப் போட்ட கை தாராளமாகிவிட்டது. மச்சான் ஒரு பக்கமாகச் சாய்ந்து நீந்தினான்.

"உப்பு கூடிப்போச்சு சார். நல்ல தண்ணியை மெதுவா விடுங்க."

மெல்லிய குழாயைச் செருகி விட்டபோது மாமனாரிடமிருந்து போன் வந்தது.

"தம்பி சாப்பிடறானா?"

"வெளுத்துக்கட்டறான் மாமா."

பொய்யைச் சொல்லி முடித்துத் திரும்புவதற்குள் தொட்டி வழிந்து கம்பளம் நனைந்திருந்தது.

பிழிந்து போட உதவிக்கு வந்த மனைவி சொன்னாள். "எனக்குக் காய்ச்சல் வந்தப்ப ஒரு மாத்திரையோட விட்டீங்க."

"நீ உங்கப்பாவுக்குப் பொண்ணுதானே. இது மீன்."

மறுநாள் காலை லீவு போட்டுவிட்டுத் தொட்டிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். மச்சான் பாறைக்குப் பின்னால். உண்மையிலேயே இவருக்கு அழுகை முட்டியது.

அப்போது பூட்டில் சாவி திரும்பியது. கதவைத் திறந்துகொண்டு வந்தவர் எதிர்வீட்டு அம்மா, ரிட்டையரான நர்ஸ். கையில் சின்ன டப்பா.

"அட, நீங்களா? நாலு நாளா வீட்டுல பூண்டு வாடை. எதுக்குன்னு யோசிச்சிட்டிருந்தேன்."

பேசிக்கொண்டே டப்பாவைக் கவிழ்த்தார். பாறைக்குப் பின்னாலிருந்து அம்பாகப் பாய்ந்த மச்சான், ஒரு துணுக்கு விடாமல் விழுங்கினான்.

"காலையிலயே வயிறு முட்டச் சாப்பிட்டுடுவான். அப்புறம் சாயங்காலம் எங்க இறங்கும்?"

மாப்பிள்ளைக்கு நிம்மதியும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. "உங்ககிட்ட எப்படிம்மா சாவி?"

"உங்க மாமனார்தான் குடுத்தாரு. மாப்பிள்ளை மனசு நோகாம இருக்க உங்ககிட்ட ஒரு சாவி, மீன் சாகாம இருக்க என்கிட்ட ஒரு சாவின்னாரு."