ஏழுக்கு அப்புறம்

ஏழுக்கு அப்புறம் எட்டு வந்தாக வேண்டும். வரவில்லை.

துணி அலமாரிக்குள், மடித்து வைத்த போர்வைகளுக்கு நடுவே, முழங்காலைக் கட்டிக்கொண்டு அப்பா காதைத் தீட்டிக் காத்திருந்தார். வெளியே நாலரை வயது மகள் சுவரில் முகம் புதைத்து எண்ணிக்கொண்டிருந்தாள். "அஞ்சு, ஆறு, ஏழு." ஒரு மூச்சு. பிறகு மறுபடியும், "ஒண்ணு, ரெண்டு." பத்து வரை எண்ணிவிட்டுத்தான் தேட வர வேண்டும் என்பது ஆட்டத்தின் விதி. விதியைப் போட்டவர் அவரேதான். அதனால் கால் மரத்துப்போன பிறகும் உள்ளேயே கிடந்தார்.

வியாழக்கிழமை பாலர் பள்ளி டீச்சர் ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டுப் பார்ப்பார். பத்து வரை எண்ணத் தெரிந்தால் மேல் வகுப்பு. இல்லையென்றால் இன்னொரு வருஷம் அதே வகுப்பு. இவரோ கிடங்கில் ஒரு நாளைக்கு நாலாயிரம் பெட்டி எண்ணி அனுப்புகிறவர். தன் பெண் ஏழில் நிற்கிறாள் என்றால் அங்கே எப்படித் தலை காட்டுவது? மகள் விழிப்பதற்கு முன் கிளம்பி, அவள் தூங்கிய பின் திரும்புகிற மனிதர், விளையாட்டாகவே சொல்லிக்கொடுத்துவிடலாம் என்று திங்கட்கிழமை ஒரே ஒரு நாள் லீவு போட்டார்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, அலமாரிக்குள்ளிருந்தே "எட்டு" என்று குரல் கொடுத்தார்.

கதவு திறந்தது. "அப்பா அவுட்" என்றாள் மகள்.

செவ்வாயன்று லீவை நீட்டினார். சரக்கு இருப்பு எடுக்கிற வாரத்தில் இது என்ன கூத்து என்று மேனேஜர் போனில் கடுகடுத்தார். மகள் அவர் மடியில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"இவ பத்து சொல்லட்டும் சார், அடுத்த நிமிஷமே வேலைக்குக் கிளம்பிடுறேன்" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லி வைத்தார்.

அன்றைக்கு மாடிப்படி விளையாட்டு. படிக்கு ஓர் எண். ஏழாவது படியில் உட்கார்ந்துகொண்டு கால் வலிக்கிறது, தூக்கு என்றாள். தூக்கினார். மேலே போனதும் முதலிலிருந்து வேண்டும் என்றாள். பன்னிரண்டு தடவை ஏறி இறங்கியும் எண்ணிக்கை நகரவில்லை. அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

புதனன்று பத்து பாட்டில்களில் தண்ணீர் நிரப்பி நிறுத்தி, பந்தை உருட்டி, விழுந்ததை எண்ணுகிற ஆட்டம். மூடிகளைச் சரியாகத் திருகாதது யார் என்ற விசாரணை பிறகு நடந்தது. தண்ணீர் வாசல் கதவுக்கு அடியில் புகுந்து, படி வழியே இறங்கி, கீழ்வீட்டு மிதியடியை நனைத்தது. கீழ்வீட்டுக்காரர் சொட்டச் சொட்ட மிதியடியோடு மேலே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கும் சொல்லிக்கொடுக்கிற ஆசை வந்துவிட்டது. பாட்டில்களைக் காட்டி எண்ணச் சொன்னார். மகள் அவருக்கு ஏழு வரை பொறுமையாகச் சொல்லிக்கொடுத்து அனுப்பினாள்.

"ரெண்டு நாளா இவ தூக்கத்துலகூடச் சிரிக்கிறா, பார்த்தீங்களா?" என்றாள் மனைவி, தரையைத் துடைத்தபடி.

"அவளுக்கென்ன, சிரிப்பா. நாளைக்கு டீச்சர் முன்னாடி நான்தானே போய் நிக்கணும்."

மேனேஜர் மறுபடி கூப்பிட்டார். கிடங்கின் பின்பக்கம் மொத்தம் எத்தனை அடுக்கு என்று கேட்டார். இவர் கண்ணை மூடி மனசுக்குள் பார்த்து எண்ணினார். ஆறு, ஏழு என்று வந்து நின்றார். யோசித்தார். "ஒண்ணு, ரெண்டு" என்று மறுபடியும் தொடங்கினார்.

"பரீட்சை உங்க ரெண்டு பேர்ல யாருக்குய்யா?" என்றார் மேனேஜர்.

வியாழக்கிழமை வந்தே விட்டது. பள்ளி வராந்தாவில் இவர் குழந்தைகளுக்கான குட்டி நாற்காலியில், முழங்கால் முகவாயை இடிக்க உட்கார்ந்திருந்தார். மகள் உள்ளே போய்க் கால் மணி நேரமாயிற்று. அவள் மேல் துளிக்கூடக் கோபம் வரவில்லை. நாலரை வருஷம் விட்டுவிட்டு மூன்றே நாளில் சொல்லிக்கொடுக்க வந்த தன் மேல்தான் வந்தது. நினைக்க நினைக்க அழுகை முட்டியது.

டீச்சர் வெளியே வந்தார். இவர் பதறி எழுந்தார். நாற்காலியும் கூடவே எழுந்தது.

"டீச்சர், இன்னும் ஒரே ஒரு வாரம் குடுங்க. நான் லீவை நீட்டி எப்படியாவது..."

டீச்சர் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"முப்பது வரைக்கும் நிக்காம சொல்லிட்டா சார். 'அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க மிஸ், பத்து வந்துட்டா அப்பா வேலைக்குப் போயிடுவாரு'ன்னு கெஞ்சுறா."