ஆளுக்கொரு ஊர் சொன்ன மூடி அண்ணன்

பதுளை டவுனில் ரகசியம் என்று ஒன்று உயிரோடு இருந்ததென்றால், அது மூடி அண்ணனுடைய சட்டைப் பைக்குள்தான் இருந்தது. மற்ற இடங்களில் எல்லாம் அது பிறந்த அன்றைக்கே பஸ் ஏறிவிடும். பசறையில் ஒருத்தி தும்மினால் பண்டாரவளையில் கசாயம் காய்ச்சி வைக்கிற ஆட்கள் நாங்கள்.

அவருடைய சொந்தப் பெயரை என்னிடம் கேட்காதீர்கள். எங்கள் தையல் சங்கத்தில் அத்தனை வருடம் அவரோடு இருந்தும் எனக்குத் தெரியாது. அடையாள அட்டையை ஓர் உறைக்குள் போட்டு, உறையைப் பைக்குள் போட்டு, பையை பனியனுக்குள் போட்டிருப்பார். "சட்டிக்கு மூடி இல்லேன்னா பூனைக்குத்தான் விருந்து" என்று நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். அதனால் மூடி அண்ணன்.

கடைத்தெருவில் ஹாஜியாருடைய புடவைக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது எங்கள் சங்கம். தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் சேர்ந்து பள்ளிக்கூடச் சீருடையும் ரவிக்கையும் தைக்கிற இடம். தலைவியாக பிரசிடன்ட் அக்கா. துணி வெட்ட கட்டிங் மாஸ்டர். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பொத்தான் தைப்பேன், போன் எடுப்பேன், மிச்ச நேரத்தில் கவலைப்படுவேன். ஆபீஸ் வேலைக்கு ஒருவர் வேண்டும் என்றபோதுதான் மூடி அண்ணன் வந்து சேர்ந்தார். அதற்கு முன் தோட்டத்தில் தபால் பை சுமந்தவர். லயம் லயமாக, அந்த வரிசை வீடுகள் ஒன்று விடாமல், கடிதம் கொடுத்தும், ஒரு வீட்டுக்குக் கடிதம் வந்த சேதியை அடுத்த வீட்டுக்குச் சொன்னதில்லையாம். எங்கள் பக்கத்தில் சேதியைச் சொல்லாமல் இருப்பது ஒரு நோய் மாதிரி. பிழைத்து வந்ததே பெரிது.

வந்த வாரத்திலேயே கூட்டம் போட்டார். நம்மிடம் காப்பாற்ற வேண்டிய சொத்து என்ன இருக்கிறது என்று கேட்டார். மெஷின் இருக்கு, கத்தரிக்கோல் இருக்கு என்றார் மாஸ்டர்.

"அதெல்லாம் இரும்பு, மாஸ்டர். பதுளையில பாதிப் பொம்பளைங்களோட இடுப்பளவு நம்மகிட்ட இருக்கு. பேங்க்ல கூட அது இல்ல."

உண்மைதானே? அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அத்தனை இடுப்பும் என் பொறுப்பில் இருப்பதாகத் தோன்றியது.

அன்றிலிருந்து அளவுச் சீட்டில் வாடிக்கையாளர் பெயர் எழுதக்கூடாது என்று சட்டம். ஆளுக்கொரு மரக்கறியின் பெயர். போஞ்சி என்றால் இன்னார், பீட்ரூட் என்றால் இன்னார். யாருக்கு எது என்று சீட்டுக் குலுக்கி அவரே எடுத்தார். நல்லாத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் மாஸ்டர் மறதியில் சீட்டைக் கழற்றாமல் பார்சலைக் கட்டிவிட்டார். குச்சி மாதிரி இருக்கிற ஒரு டீச்சர், பள்ளிக்கூடத்தில் எல்லா டீச்சர்மாருக்கும் முன்னால் பார்சலைப் பிரித்தால், உள்ளே புது ரவிக்கை. அதன் மேல் கொட்டை எழுத்தில் 'பூசணிக்காய்'.

டீச்சர் படியேறி வந்த சத்தத்திலேயே நான் பொத்தான் டப்பாவோடு மெஷினுக்குப் பின்னால் போய்விட்டேன். மூடி அண்ணன் அசையவில்லை. கண்ணை மூடிக்கொண்டுதான் எடுத்தேன் என்று சத்தியம் பண்ணினார்.

"கண்ணத் தொறந்து எடுத்திருந்தா எனக்கு என்ன காய் போட்டிருப்பீங்க?"

"அதச் சொல்ல முடியாதுங்க டீச்சர்."

சண்டை கீழ்க்கடை வரைக்கும் கேட்டது. ஆனால் அதே குலுக்கலில் பொலிஸ் பெண்கள் பிரிவு சார்ஜன்ட் அம்மாவுக்கு முருங்கைக்காய் விழுந்திருந்தது. அந்தம்மா படியில் ஏறினால் மெஷினில் ஊசி ஆடும். சேதி காதுக்குப் போனதும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். அதற்குப் பிறகு வேறு தையல் கடைப் பக்கம் அவர் தலைவைத்தும் படுக்கவில்லை.

பிறகு கணினி வந்தது. மூடி அண்ணன் அதற்கு ஒரு கடவுச்சொல் வைத்து, அதை மூன்று துண்டாக்கி, பிரசிடன்ட் அக்காவுக்கு ஒன்று, மாஸ்டருக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று காதில் ஓதினார். தினமும் காலையில் ஒருவர் தட்டும்போது மற்ற இருவரும் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். மாஸ்டருக்குக் காய்ச்சல் வந்த அன்று கணினி திறக்கவில்லை. அவர் மனைவிக்குப் போன் போட்டால், "என்கிட்டயே சொல்ல மாட்டேங்கிறாரு, கட்டுன பொண்டாட்டிகிட்ட" என்று அழுகை. கடைசியில் மாஸ்டர் கம்பளியைச் சுற்றிக்கொண்டு ஆட்டோவில் வந்து, தன் துண்டைத் தட்டிவிட்டு, இருமிக்கொண்டே திரும்பிப் போனார். நாங்கள் இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கணினியில் இருப்பதைப் பிரதி எடுத்து வெளியிலும் ஓரிடத்தில் வைக்க வேண்டும் என்பது அடுத்த சட்டம். சின்னஞ்சிறு பென்டிரைவ். அதை ஒரு பெரிய சோற்றுக் கேரியருக்குள் போட்டு, கடைக்குப் பின்னால் இருக்கிற ஹாஜியார் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவார். மூடி அண்ணனும் கேரியரும் அந்த வீட்டு வாசலில் நிற்பது தெருவுக்கே பழகிப்போனது.

இதையெல்லாம்விடப் பெரிய வித்தை ஒன்று இருந்தது. ஒரு சரஸ்வதி பூசைக்கு முதல்நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நாளைக்குப் பிரசாதம் லட்டு, யாரிடமும் சொல்லாதே என்றார். நான் சொல்லவில்லை. விடிந்ததும் கீழே தேத்தண்ணிக் கடைக்காரர் என்னிடம், "மேல இன்னைக்கு கேசரியாமே?" என்றார். மூடி அண்ணனிடம் வந்து சொன்னேன். அவர் நேரே மாஸ்டர் முன்னால் போய் நின்றார்.

"கேசரின்னு சொன்னது நீங்கதானே மாஸ்டர்?"

எனக்கு லட்டு, பிரசிடன்ட் அக்காவுக்கு வடை, மாஸ்டருக்கு மட்டும் கேசரி என்று சொல்லி வைத்திருக்கிறார் மனுஷன். வெளியே எது வருகிறதோ, அதை விட்டவர் யார் என்று தெரிந்துபோகும். பூசைக்கு வந்தது கடலைச் சுண்டல்.

வசந்தி வரும்வரைக்கும் இதெல்லாம் எங்களுக்குச் சிரிப்புக் கதைதான்.

வசந்தியை பிரசிடன்ட் அக்காதான் கூட்டிக்கொண்டு வந்தார். இடுப்பில் ஒரு குழந்தை, கையில் ஒரு பை. காலர் தைப்பதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் வலது கை மணிக்கட்டு கொஞ்சம் கோணலாக இருக்கும். புருஷன் முறித்தது. விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறாள். தேடி வருவான், வந்தால் இந்தத் தடவை உயிரோடு விடமாட்டான் என்றாள். அழாமல் சொன்னாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

சங்கத்தில் உட்கார வைத்தால் வருகிறவன் கண்ணில் பட்டுவிடுவாள். எங்கேயாவது தங்கவைத்து வேலையை அங்கேயே அனுப்ப வேண்டும். அந்த இடத்தைப் பார்க்கிற பொறுப்பை மூடி அண்ணன் எடுத்துக்கொண்டார். அடுத்த நாள் தையல் சத்தத்துக்கு நடுவே என் காதில், "பூனாகலையில வச்சிருக்கேன் தங்கச்சி. உனக்கு மட்டுந்தான் தெரியும்" என்றார்.

எனக்குத் தலை கொள்ளாத பெருமை. தூக்கத்தில் உளறிவிடுவேனோ என்று கொஞ்ச நாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு படுத்தேன்.

அவன் வந்தே விட்டான். அன்றைக்கு மூடி அண்ணன் நூல் வாங்கப் போயிருந்தார். முரட்டு ஆளாக வருவான் என்று பார்த்தால், படிய வாரிய தலை, நெற்றியில் திருநீறு, கையில் ஒரு பெட்டி திராட்சை. உட்காரக்கூட இல்லை. தன் அம்மா கடைசி மூச்சை இழுத்துக்கொண்டு இருக்கிறாள், பேரப்பிள்ளையை ஒருமுறை பார்த்தால் கண்ணை மூடிவிடுவாள் என்று சொல்லி அழுதான். நிஜக் கண்ணீர். மாஸ்டருக்கும் கண் கலங்கியது.

எங்கள் தோட்டத்துப் பழக்கத்தையும் சொல்ல வேண்டும். யாராவது வீடு எது என்று கேட்டால் நாங்கள் கை காட்டி விடுவதில்லை. செய்கிற வேலையைப் போட்டுவிட்டு, கூடவே நடந்து வந்து, அந்த வீட்டு வாசலில் நின்று, "இந்தா, உங்கள தேடி வந்திருக்காங்க" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் திரும்புவோம். அப்படி வளர்ந்தவர்கள். அவன் என்னிடமும் கேட்டான். பயத்தில், வாயில் கவ்வியிருந்த நூலை நான் விடவே இல்லை. மாஸ்டர்தான் அவனை ஆறுதலாகப் படி வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

மூடி அண்ணன் திரும்பி வந்து திராட்சைப் பெட்டியைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து சார்ஜன்ட் அம்மா தினமும் மத்தியானம் ரவிக்கை அளவு பார்க்க வரத் தொடங்கினார். ஒருநாள் இறுக்கமாம், மறுநாள் தொளதொளவாம். மாஸ்டர் அந்த ஒரே ரவிக்கையைப் பிரித்துப் பிரித்துத் தைத்து வெறுத்துப் போனார். இதற்கிடையில் ஒரு போன் வந்தது. குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க விலாசம் வேண்டும் என்று யாரோ ஒரு 'சார்' கேட்டதாக பிரசிடன்ட் அக்கா சந்தோஷமாகச் சொன்னார். இடுப்பில் இருக்கிற குழந்தைக்கு என்ன பள்ளிக்கூடம் என்று எனக்குக் கவலை வந்தது. அக்காவுக்கு வரவில்லை.

பிறகு ஒரு மத்தியானம், படியில் தடதடவென்று அவன். தலை கலைந்திருந்தது. உடம்பெல்லாம் நனைந்து, முழங்கால் வரைக்கும் சேறு. அட்டை கடித்த இடத்தில் இரத்தம் வடிந்துகொண்டிருந்தது. திருநீறு எங்கே போனதோ.

"என்ன ஏமாத்துறீங்களா? பெரகலைன்னீங்க, மழையில லயம் லயமா ஏறி எறங்குனேன். ஹாலிஎலன்னாங்க, அங்கயும் இல்ல."

மூடி அண்ணன் அவனைப் பார்க்கவே இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். மெதுவாக மாஸ்டர் பக்கம் திரும்பினார்.

"பெரகல. மாஸ்டர்."

மாஸ்டர் துணிக்குள் தலையை விட்டார்.

"ஹாலிஎல. பிரசிடன்ட்."

அக்கா சேலைத் தலைப்பைக் கசக்கினார். அதற்குப் பிறகுதான் மூடி அண்ணன் அவனைப் பார்த்தார். ஊருக்குப் போகிறவனைச் சாப்பிட்டாயா என்று கேட்கிற மாதிரி கேட்டார்.

"பூனாகலைக்குப் போகலியா தம்பி?"

"எந்தப் பூனாகல? யாரு சொன்னா பூனாகலைன்னு?"

"யாரும் சொல்லல இல்ல?" என்று என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு பரிசும் கிடைத்ததில்லை. அன்றைக்குக் கிடைத்தது.

அவனுக்கு வெறி ஏறிவிட்டது. மேசையில் ஓங்கி அடித்தான். "ஒரு கையத்தான் ஒடச்சேன். ரெண்டு காலையும் சேத்து ஒடச்சிருந்தா ஓடியிருக்க மாட்டா. எங்க இருந்தாலும் தேடிப் புடிச்சு ஒடைக்கத்தான் போறேன்" என்று கத்தினான்.

அளவு பார்க்கிற மூலையில் திரை விலகியது. பாதி தைத்த ரவிக்கை, தோளெல்லாம் சாக்குக் கட்டிக் கோடு, கழுத்தில் அளவு நாடா. முருங்கைக்காய்.

"கையப் பத்திச் சொன்னத இன்னொருக்காச் சொல்லுங்க" என்றார் சார்ஜன்ட் அம்மா. "எழுதிக்கிறேன்."

அவன் படிப்பக்கம் பாய்ந்தான். சார்ஜன்ட் அம்மா ஓடவில்லை. படியின் குறுக்கே நின்றார். அவ்வளவுதான், வழி அடைந்துவிட்டது. கீழே ஹாஜியாரும் கடைப் பையன்களும் வேறு கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்கள். அவனைப் பொலிஸுக்குக் கொண்டுபோனார்கள். வழக்கு நடந்தது. வசந்தி இருக்கிற பக்கம் அவன் வரக்கூடாது என்று கோர்ட்டே சொல்லிவிட்டது.

அவனைக் கொண்டுபோன கையோடு மூடி அண்ணன் சோற்றுக் கேரியரைத் தூக்கிக்கொண்டு ஹாஜியார் வீட்டுக்குப் போனார். திரும்பி வரும்போது பின்னால் குழந்தையோடு வசந்தி வந்தாள். எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம், ஹாஜியாருடைய மனைவியின் அறைக்குப் பக்கத்து அறையில்தான் இத்தனை நாளும் இருந்திருக்கிறாள். அந்தப் பெண்கள் பகுதிக்குள் ஹாஜியாரே செருமிவிட்டுத்தான் நுழைவார். காலர்கள் கேரியரில் போய்க் கேரியரில் வந்திருக்கின்றன. சுவர் வழியாகக் கேட்ட மெஷின் சத்தத்தை, ஹாஜியார் மகள் தையல் பழகுகிறாள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

மாஸ்டர் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தார். மூடி அண்ணன் விடவில்லை.

"நீங்க சொன்னது தப்பில்ல மாஸ்டர். அழுதுக்கிட்டு வந்து வழி கேட்டா நம்ம ஆளுங்களால சொல்லாம இருக்க முடியாது. எரக்கத்தப் பூட்ட முடியுமா? அதான் ஆளுக்கு ஒரு பொய் ஊரு குடுத்து வச்சேன்."

வசந்தி தனக்கு எந்த மெஷின் வேண்டும் என்று அவளே தேர்ந்தெடுத்தாள். தெருவைப் பார்த்த ஜன்னலோரம். ஜன்னல் திரையையும் கழற்றச் சொன்னாள். கடைத்தெரு முழுக்கப் பார்க்க, அவள் உட்கார்ந்து தைத்தாள். இன்றைக்கும் அங்கேதான் தைக்கிறாள்.

படியேற முழங்கால் இடம் கொடுக்காமல் போனபோது மூடி அண்ணன் வேலையை விட்டார். போகிற அன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மகள் வீட்டுக்குப் போகிறேன், பூனாகலை, யாருக்கும் சொல்லாதே என்றார். பூனாகலை எனக்கு ஏற்கெனவே கொடுத்த பொய்யூர். கடைசி நாளிலும் அதையே கொடுக்கிறாரே என்று இருந்தது.

அதற்குப் பிறகு சங்கத்தில் யாராவது, "அண்ணே எங்க இருக்காரோ" என்றால் எல்லோருக்கும் அந்த நேரம் பார்த்து நூல் அறுந்துவிடும்.

போன தீபாவளிக்கு மனசு கேட்கவில்லை. பொய்யோ மெய்யோ என்று முறுக்குப் பையோடு பண்டாரவளை போய், பூனாகலை பஸ்ஸில் ஏறினேன். பாதி வழியில்தான் பார்த்தேன், முன் சீட்டில் குடைக்குப் பின்னால் பிரசிடன்ட் அக்கா. எங்கே அக்கா போறீங்க என்று கேட்டேன்.

"சும்மா பண்டாரவளைக்கு" என்றார். பஸ் பண்டாரவளையை விட்டு ரொம்ப தூரம் வந்திருந்தது. பின் சீட்டில் யாரோ இருமினார்கள். மாஸ்டருடைய இருமல் எனக்குத் தெரியாதா? அவர் மடியில் கேசரி வாசம் அடித்தது. பக்கத்தில் வசந்தியும் குழந்தையும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மற்றவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், ஒரே இடத்தில் இறங்கி, ஒரே லயத்துக்கு நடந்தோம்.

வாசலில் பலகையில் மூடி அண்ணன் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வரிசையாகக் கோப்பைகள், எல்லாவற்றுக்கும் மேலே சின்னத் தட்டு மூடி. எங்களுக்கு ஆளுக்கொன்று, குழந்தைக்கும் ஒன்று. எல்லாம் சூடாகவே இருந்தன.

"நாங்க வர்றோம்னு யாருண்ணே சொன்னது?" என்று நான்தான் கேட்டேன்.

"அதச் சொல்ல முடியாது தங்கச்சி."

என் கோப்பையின் மூடியைத் திறந்தேன். பால் விடாத பிளேன்டி. சீனி இல்லாமல், இஞ்சி தட்டிப் போட்டு. எனக்கு எப்படி வேண்டும் என்று அவரிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை.