ஒட்டுக் கட்டிய பல்

எதைப் பார்த்தாலும் ஒரு தடவை ஆட்டிப் பார்க்காமல் என் கை சும்மா இருக்காது. வேலிக்கல், மோட்டார் பெட்டி, பந்தல் கம்பி, கல்யாண மண்டபத்து நாற்காலி எல்லாம் என் கையால் ஆட்டம் கண்டவை. இந்த வியாதிதான் எனக்குச் சோறு போடுகிறது என்று பெருமையாகவும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஓடைப்பட்டிப் பக்கம் திராட்சை நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறேன். வேர் பிடித்த குச்சியை இரண்டு விரலால் லேசாகத் தூக்கினால் மண்ணை விட்டு வராது. பிடிக்காதது கையோடு வந்துவிடும். பண்ணை வாசலில் ‘நாற்றைப் பிடித்து இழுத்துப் பார்க்காதீர்’ என்று பலகை எழுதி மாட்டியிருக்கிறேன். அது வாங்க வருகிறவர்களுக்கு. உரிமையாளருக்குப் பொருந்தாது என்பது என் கட்சி.

சில வருடங்களுக்கு முன்பு, சொட்டுநீர்க் குழாயின் முனையடைப்பைப் பல்லால் கடித்துப் பிடுங்கப் போய், மேல்வரிசை முன்பல் ஒன்றை உடைத்துக்கொண்டேன். (கொறடு காலடியிலயே கிடந்துச்சு. குனியணுமே!) தேனி அல்லிநகரத்தில் ஒரு பல் டாக்டரம்மா இருந்தார். வயதில் எனக்குப் பாதி. மிச்சமிருந்த துண்டை எடுத்துவிட்டு, தாடை எலும்பில் ஒரு டைட்டானியம் திருகை இறக்கி, வாயைத் திறந்தால் ஓட்டையாகத் தெரியக் கூடாது என்று அதன்மேல் ஒரு தற்காலிகப் பல்லையும் முடுக்கிவிட்டார்.

“உள்ள இருக்கறது செயற்கை வேர் சார். எலும்பு அதைக் கெட்டியாப் பிடிக்க நாலு மாசம் ஆகும். அதுவரைக்கும் இந்தப் பல்லால எதையும் கடிக்காதீங்க, கையால தொடாதீங்க. சமயத்துல எலும்பு பிடிக்காமப் போறதும் உண்டு. லேசா ஆடுற மாதிரி தெரிஞ்சாக்கூட உடனே வந்துருங்க.”

‘வேர்’ என்ற சொல் காதில் விழுந்ததுமே மீதியைக் கேட்பதை நிறுத்திவிட்டேன். வேர் பிடிப்பதைப் பற்றி எனக்கே பாடமா?

மறுவாரத்திலிருந்து பரிசோதனை ஆரம்பமானது. காலையில் பல் தேய்த்ததும் இரண்டு விரலால் பிடித்து முன்னால் ஓர் ஆட்டு, பின்னால் ஓர் ஆட்டு. மத்தியானம் சாப்பிட்டபின் இன்னொரு தடவை. நடுநடுவே நாக்கு தன் பங்குக்குப் போய் விசாரித்துவிட்டு வரும். என் மனைவி சாந்தி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“தொடக் கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னாக. நீங்க என்னடான்னா மாட்டுப் பல்லப் பாக்குற தரகர் கணக்கா பாத்துக்கிட்டே இருக்கீக.”

“வேர் பிடிச்சிருக்கான்னு பாக்க வேணாமாடி?”

“நம்ம பலகையில என்ன எழுதிப் போட்ருக்கு?”

“அது நாத்துக்கு.”

மூன்றாவது மாதம் ஒரு நாள் காலையில் பல் ஆடியது. முன்னால் போனது, பின்னால் வந்தது, ‘கிளுக்’ என்று சத்தம்கூடக் கொடுத்தது. வேர் பிடிக்கவில்லை, குச்சி பட்டுப்போய்விட்டது என்று அந்த இடத்திலேயே நானே முடிவு கட்டிவிட்டேன்.

அடுத்த பத்தாவது நாள் என் அக்கா மகள் கயலுக்கு நிச்சயதார்த்தம். அவளுடைய அப்பா தவறி நாலு வருஷம் ஆகியிருந்தது. தேதி குறித்த அன்றே என்னிடம் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தாள். “மாமா, நிச்சய ஓலைய நீங்கதான் வாசிக்கணும். அப்பா இருந்தா எப்பிடி கணீர்னு வாசிச்சிருப்பாகளோ, அப்பிடி.” டாக்டரம்மாவிடம் போனால் பல்லைக் கழற்றிவிடுவார். முன்பல் இல்லாமல் வாசித்தால் காற்றுதான் வரும். கயலின் நாள் என் வாயால் கெட்டுவிடக் கூடாது. இது ஒன்றுதான் மண்டையில் ஓடியது. சாந்தி எவ்வளவோ சொன்னாள்.

“பேசாம தேனிக்குப் போயிட்டு வந்துருங்க. ஆடுனா ஒடனே வரச் சொன்னாகள்ல?”

“நிச்சயம் முடியட்டும். நான் பாத்துக்கிறேன்.”

பார்த்துக்கொண்ட விதம் இதுதான். திராட்சைக்கு ஒட்டுக் கட்டுகிற பிளாஸ்டிக் நாடா இருக்கிறதே, இழுத்தால் நீண்டு, சுற்றினால் கவ்விக்கொள்ளுமே, அதை ஒட்டுக் கத்தியால் நூல் பருமனுக்குக் கிழித்தேன். நிச்சயத்தன்று காலையில் கண்ணாடி முன்னால் நின்று, ஆடுகிற பல்லையும் பக்கத்துப் பல்லையும் சேர்த்து நாலு சுற்று சுற்றி முனையைச் செருகினேன். நாடா கண்ணுக்கே தெரியவில்லை. பல் அசையவில்லை. என் கை வைத்த ஒட்டு கழன்றதாகச் சரித்திரமே கிடையாது. சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு சின்னமனூர் மண்டபத்துக்குக் கிளம்பினேன்.

இரண்டு வீட்டுச் சனமும் உட்கார்ந்திருந்தது. மைக்கை வாங்கினேன். (மைக்கையும் ஒரு ஆட்டு ஆட்டிப் பாத்துட்டுத்தான்.) வருடம், மாதம், கிழமை எல்லாம் தடங்கலில்லாமல் போயின. என் குரல் மண்டபத்தின் கடைசி வரிசை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கொஞ்சம் கூடுதலாகவே அழுத்தம் கொடுத்து, “திருவளர்ச்செல்வி” என்றேன்.

அந்த ‘ச்’ எழுத்தில் நாக்கு போய் நாடாவின் முனையைத் தட்டியது.

முதலில் ஒரு விசில் கேட்டது. ஸ்பீக்கர் கோளாறு என்று நினைத்து மறுபடியும் “திருவளர்ச்செல்வி” என்றேன். நாடா சுற்றுச் சுற்றாக அவிழ்ந்து உதட்டுக்கு வெளியே வந்தது. அதன் நுனியில், கிணற்றில் விட்ட வாளி போல, என் முன்பல் தொங்கி ஆடியது. மைக்கில் “ஹ்ஹா” என்று ஒரு சத்தம் வந்தது. நான்தான்.

மாப்பிள்ளையின் பெரியப்பா முன்வரிசையில் இருந்தார். கம்பத்தில் பன்னீர்த் திராட்சை போட்டிருக்கிற மனிதர். எழுந்து கிட்டத்தில் வந்து உற்றுப் பார்த்தார்.

“இது நம்ம ஒட்டுக் கட்டுற நாடாவாச்சே,” என்றார். பிறகு, மெய்யாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்ற அக்கறையோடு கேட்டார். “என்ன ரகம் மச்சான்? பன்னீரா, சீட்லெஸ்ஸா?”

கூரை பறந்துபோகிற மாதிரி சிரிப்பு. மாப்பிள்ளை வீட்டார் சிரித்தார்கள், எங்கள் வீட்டார் அவர்களைவிடக் கூடுதலாகச் சிரித்தார்கள், வீடியோக்காரர் கேமராவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். (அதுக்கு முன்னாடி எல்லாத்தையும் எடுத்து முடிச்சுட்டார்.) எனக்கு மட்டும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்தப் பிள்ளை கேட்டதே ஒன்றுதான். அதையும் நான் கெடுத்துவிட்டேன்.

கயல் எழுந்து வந்தாள். என் கையிலிருந்த ஓலையை வாங்கினாள். “விட்ட எடத்துல இருந்து நான் வாசிக்கிறேன் மாமா. நீங்க பக்கத்துல நில்லுங்க, போதும்,” என்றாள். திருவளர்ச்செல்வி கயல்விழி என்று தன் பெயரைத் தானே கணீரென்று வாசித்தாள். அவள் அப்பா குரலேதான். கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

மறுநாள் பல்லை ஒரு நாற்றுப் பாக்கெட்டில் போட்டு எடுத்துக்கொண்டு அல்லிநகரம் போனோம். நாடா விஷயத்தைச் சாந்தி சொல்லச் சொல்ல, டாக்டரம்மா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அவருடைய தோள் மட்டும் குலுங்கியது. பிறகு எக்ஸ்ரே எடுத்தார். ஒரு சின்னக் கம்பியால் திருகைத் தட்டிப் பார்த்தார். நாற்காலியின் கைப்பிடியை நான் எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தேன் என்பது அந்தக் கைப்பிடிக்குத்தான் தெரியும்.

“பட்டுப்போச்சுங்களா?” என்றேன்.

“வேர் நல்லாப் பிடிச்சிருக்கு சார். பல்லை வேரோட சேத்து முடுக்குற குட்டி ஸ்க்ரூ ஒண்ணு இருக்கு. தினமும் ஆட்டி ஆட்டி அதைத்தான் நீங்க கழட்டியிருக்கீங்க. நீங்க ஆட்டுன ஆட்டத்துக்கு வேர் தப்பிச்சதே பெரிய விஷயம். அன்னைக்கே வந்திருந்தா அஞ்சு நிமிஷத்துல முடுக்கி அனுப்பியிருப்பேன்.”

அஞ்சு நிமிஷம். சாந்தி என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

தண்டனையாக இரண்டு மாதம் திருகின்மேல் பல்லே மாட்டவில்லை. “உங்க கைய நம்ப முடியாது,” என்று முகத்துக்கு நேராகவே டாக்டரம்மா சொன்னார். அதற்குள் நடந்த கயல் கல்யாணத்தின் ஆல்பம் முழுக்க நான் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, யார்மீதோ கோபித்துக்கொண்டவன் மாதிரி நிற்கிறேன். இப்போது இருப்பது நிரந்தரப் பல். பாறை மாதிரி இருக்கிறது. ஆனாலும் சம்பந்தி வீட்டில் எந்த விசேஷத்துக்குப் போனாலும், வாசலிலேயே “வாங்க மச்சான், பன்னீரா சீட்லெஸ்ஸா?” என்றுதான் வரவேற்பு.

கல்யாணம் முடிந்து விருந்துக்கு வந்த கயல், பண்ணை வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பெயின்ட் டப்பாவை எடுத்து, பலகையில் ‘நாற்றைப் பிடித்து இழுத்துப் பார்க்காதீர்’ என்பதற்குக் கீழே ஒரு வரி சேர்த்தாள்.

‘உரிமையாளருக்கும் பொருந்தும்.’

வாங்க வருகிறவர்கள் அதென்ன என்று கேட்பார்கள். சாந்தி கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு ஆதியோடந்தமாகச் சொல்வாள். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். நாக்கு மட்டும் மெதுவாக அந்தப் பல் பக்கம் போய் விசாரித்துவிட்டு வரும். (அவகிட்ட சொல்லிறாதீக.)