அசல் முத்திரை வைத்த நாடகம்

ஒரு காட்டில், ராஜாக்கள் காலம் மலையேறி ஊராட்சி வந்து சேர்ந்த பிறகு, மூக்காயி என்றோர் உடும்பு குடியிருந்தாள். மேட்டுக் குட்டையில் யானைகள் குளிக்கும்போதெல்லாம் வழிகிற தண்ணீர் நேரே அவள் வளைக்குள் வந்தது. உள்ளே பதினாறு முட்டைகள். வடிகால் வெட்டித் தரச் சொல்லி ஏழு மனு கொடுத்துவிட்டாள். ஏழும் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தன. இந்த வாரம் தண்ணீர் முட்டைகளுக்கு நாலு விரற்கடை தூரத்தில் நின்றது. பெற்ற வயிறு பற்றி எரிந்தது அவளுக்கு.

அந்த நேரம் பார்த்து நாரை ஒன்று ஜிப்பாவும் ஜோல்னாப் பையுமாக, நாடகக் குழுவோடு வந்து இறங்கியது. 'மக்கள் பங்கேற்பு அரங்கு' என்று பெயர். வேடிக்கை பார்க்க வந்தவரே எழுந்து 'நிறுத்து' என்று கத்தலாம்; நடிகரை இறக்கிவிட்டுத் தானே நடிக்கலாம். கதை நடப்பது ஊராட்சி அலுவலகத்தில். தத்ரூபமாக இருக்க வேண்டுமே என்று, நாரை தலைவர் கரடியிடம் போய் அவருடைய நாற்காலியையும் ரப்பர் முத்திரையையும் இரவல் கேட்டது. கலை என்றால் கரடிக்கு உயிர். மாலை போட்டு முதல் வரிசையில் உட்கார வைப்போம் என்றால் இன்னும் உயிர். கொடுத்துவிட்டார்.

நாடகம் தொடங்கியது. நரி தலைவராக நடித்தது. மான் மனு நீட்டியது. நரி கொட்டாவி விட்டது. "நிறுத்து!" என்று முயல் ஏறி, மானுக்குப் பதிலாக அழுது பார்த்தது. நரி மசியவில்லை. மயில் ஏறி ஆடிப் பார்த்தது. நரி கைதட்டியது, கையெழுத்துப் போடவில்லை.

"பாத்தீங்களா, இதுதான் விழிப்புணர்வு!" என்று நாரை பூரித்தது.

மூக்காயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனுக்காரரை எத்தனை முறை மாற்றினால் என்ன? "நிறுத்து!" என்று ஏறியவள், நரியைத் தள்ளிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அம்மா, மனு குடுக்கிறவங்களத்தான் மாத்தலாம். அதுதான் இந்த நாடகத்தோட விதி," என்று நாரை பதறியது.

"விதியாவது வெண்டைக்காயாவது. ஏழு தடவை அந்தப் பக்கம் நின்னு பாத்தாச்சு சார்."

நாலு பேர் சேர்ந்து இழுத்தார்கள். உடும்புப் பிடி என்று சும்மாவா சொன்னார்கள்? நாற்காலிதான் கிறீச்சிட்டது. மூக்காயி, கையோடு கொண்டுவந்திருந்த எட்டாவது மனுவை எடுத்து, 'உடனே வடிகால் வெட்டவும்' என்று எழுதி, முத்திரையை ஓங்கிக் குத்தினாள்.

ஊராட்சிப் பணியாளர்களான காட்டுப்பன்றிகள் கடைசி வரிசையில் கடலை கொறித்துக்கொண்டிருந்தன. முத்திரை விழும் சத்தம் கேட்டால் எழுந்துவிடுவது அவற்றின் நெடுநாள் பழக்கம். குத்தியது யார் என்று பார்க்கிற பழக்கம் கிடையாது. தாளை வாங்கி முத்திரையை மோந்து பார்த்தன. மூக்கால் மண்ணைக் கிளறிக்கொண்டு போயின. அரை மணி நேரத்தில் வடிகால் தயார். தண்ணீர் ஓடைப் பக்கம் திரும்பியது. முட்டைகள் பிழைத்தன. மூக்காயி நாற்காலியில் இருந்தபடியே ஓவென்று அழுதாள்.

கரடி மாலையோடு துள்ளி எழுந்தார். "யோவ், அது நாடகம்யா! மண்ணப் போட்டு மூடுங்க!"

எழுத்தர் குரங்கு அவர் காதோரம் வந்தது. "ஐயா, முத்திரை அசல். மூடணும்னா தீர்மானம் போடணும். நாடகம்னு எழுதினா, முத்திரைய எதுக்கு வெளிய குடுத்தீங்கன்னு மேலேருந்து கேப்பாங்க."

"அப்ப என்னதான்யா பண்றது?"

"பேசாம திறந்து வச்சிருங்க."

அன்று சாயங்காலமே வடிகால் கரையில் ரிப்பன் கட்டினார்கள். 'தலைவர் கரடியாரின் அயராத முயற்சியால்' என்று கல்வெட்டும் நட்டார்கள். "இந்தத் தாயோட கண்ணீர் என்னைத் தூங்கவிடல!" என்று கரடி குரல் தழுதழுக்க, கண்ணைத் துடைத்துக்கொண்டு ரிப்பனை வெட்டினார். இப்பேர்ப்பட்ட நடிகரை மேடையேற்றாமல் முன் வரிசையில் உட்கார வைத்துவிட்டோமே என்று நாரை மனம் நொந்தது.

நீதி: அசல் முத்திரையை நாடகத்துக்கு இரவல் கொடுக்காதே; கவனக்குறைவால் நல்லது நடந்துவிடும்.