நாலு பேர் எழுதிய தீர்ப்பு

உலகம் ரெண்டாகப் பிளந்தாலும் சரி, பின்பக்கத்துச் சின்ன அறையை மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை என்று கண்ணாடிக்காரர் அன்று காலை பல் தேய்க்கும்போதே முடிவெடுத்துவிட்டார். எடுத்த முடிவைக் குளியலறைக் கண்ணாடியைப் பார்த்து ரெண்டு தடவை, சத்தம் வராமல், உதட்டசைவில் சொல்லியும் பார்த்தார். கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்தது. வீரத்துக்கும் ஒரு தாழ்ப்பாள் வேண்டியிருக்கிறதே, என்ன செய்ய.

அவருக்கு மெயின் ரோட்டில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. வருகிறவர்களை உட்கார வைத்து, "இது தெளிவா, அது தெளிவா" என்று கேட்டுக் கேட்டே பதினெட்டு வருஷம் ஓடிவிட்டது. அது வெளியுலகத்துக்கு. வீட்டில், எட்டடிக்கு எட்டடி அந்த அறைக்குள், அவர் ஓர் இசைக்கலைஞர். யாரையும் அண்டிப் பிழைக்காத தனிக்கலைஞர். டிரம்ஸ் அவரே, கிட்டார் அவரே, கீழ்ச்சுருதியில் உறுமும் பேஸ் கிட்டார் அவரே, பாட்டும் அவரே. ஒவ்வொன்றாக வாசித்துப் பதிவு செய்து, கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிடுவார். சத்தம் தடுக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டி, ஜன்னலில் பழைய கம்பளி தொங்கவிட்டிருந்தார். ஏழு பாட்டை இணையத்தில் ஏற்றியும் விட்டார். அவற்றை இதுவரை பதினோரு தடவை கேட்டிருக்கிறார்கள். அதில் ஒன்பது தடவை கடையிலிருந்து அவரே கேட்டது.

அவர் மனைவி தையல்காரம்மா. திரைச்சீலை, தலையணை உறை, பள்ளிச் சீருடை என்று அக்கம்பக்கத்து வேலையெல்லாம் அவளிடம்தான் வரும். தையல் மிஷினோ சாப்பாட்டு மேஜை மேல். மூணு வேளையும் மிஷினைத் தூக்கிக் கீழே வைத்தால்தான் தட்டு வைக்க இடம். போன வாரம் கண்ணாடிக்காரர், தனக்கு ஆகாத கத்தரிக்காயை வழக்கம்போல் ஓரம் ஒதுக்கிவிட்டு, சோற்றோடு ஒரு சட்டைப் பொத்தானையும் மென்றுவிட்டு, கல் என்று நினைத்து அரிசிக்கடைக்காரரைத் திட்டினார். முந்தா நாள் ஒரு விடுதியிலிருந்து அறுபது திரைச்சீலைக்கு ஆர்டர் வந்தது. அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"உங்க பாட்டை நான் குறை சொல்லலங்க. அது எங்க வேணா வந்துடும். என் மிஷின் எங்க வேணா நிக்காதே. அந்த ரூம் எனக்கு வேணும்."

குளியலறையில் எடுத்த முடிவு அதற்குத்தான். ஆனால் நேருக்கு நேர் நின்று 'முடியாது' என்று சொல்லும் பழக்கம் அவருக்குக் கல்யாணமான நாளிலிருந்தே கிடையாது. எனவே சுற்றி வளைத்தார். தன் கடைக்கு ஓர் இசைக்குழு வந்துபோகிறது, டிரம்மர், கிட்டார்காரர், பேஸ்காரர், பாடகர் என்று நாலு பேர், நாலு பேரும் பெரிய கைகள், அவர்களிடம் பாட்டைக் கொடுத்து அபிப்பிராயம் கேட்போம், உருப்படாது என்று அவர்கள் சொன்னால் அறையை நீ எடுத்துக்கொள் என்றார். அப்படி ஒரு குழு இந்தப் பூமியிலேயே இல்லை என்பதை மட்டும் சொல்லவில்லை.

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நாலு பேருக்குமா கண்ணு சரியில்ல?"

"கண்ணுதான் சரியில்ல. காது நல்லாத்தான் கேக்குது."

"சரி. அவங்க என்ன எழுதிக் குடுக்கறாங்களோ அதான் தீர்ப்பு. அப்புறம் நீங்க மாத்திப் பேசக் கூடாது."

"நான் எதுக்கு மாத்திப் பேசப் போறேன்? எழுத்துக்கு எழுத்து நான் கட்டுப்படறேன். நீ மாத்தாம இருந்தா போதும்."

இந்த 'எழுத்துக்கு எழுத்து' வாக்கை மட்டும் விழுங்கியிருந்தால் மனிதர் பிழைத்திருப்பார். தவளை தன் வாயால் கெடும் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்.

மறுநாள் மதியம் கடையில் ஈ காக்கை இல்லை. நாலு வகைக் காகிதம், நாலு பேனா எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். வெறும் பாராட்டாக எழுதினால் அவள் நம்பமாட்டாள். இது தொழில் கற்றுக்கொடுத்த பாடம். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லி அனுப்பினால் ஜனங்கள் வேறு கடைக்குப் போய்ச் சோதித்துக்கொள்வார்கள். லேசாக ஒரு குறை இருக்கிறது என்றால் நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள். ஆகவே நாலு பேரும் கொஞ்சம் குறை சொல்ல வேண்டும். அதிலும் வாத்தியக்காரர்கள் ஒருவரை ஒருவர் பாராட்டிச் சரித்திரமே இல்லை. அந்த ஜாதகப் பொருத்தமும் பார்க்க வேண்டும்.

டிரம்மராக மாறி, காகிதம் கிழியும்படி அழுத்தி எழுதினார். 'தாளம் நன்றாகத்தான் கிளம்புகிறது. மூன்றாவது வரியில் பஸ்ஸைத் தவறவிட்டவன் மாதிரி ஓட ஆரம்பித்துவிடுகிறது. அதைக்கூட மன்னிப்பேன். கிட்டார் எதற்கு? நடுவில் யாரோ பீரோவை நகர்த்துகிறார்கள். எடுத்துவிடவும்.'

கிட்டார்காரர் ரெண்டு பக்கம் எழுதினார். அதில் ஒன்றரைப் பக்கம் தன்னைப் பற்றி. மீதி அரைப் பக்கத்தில், டிரம்ஸ் அடிப்பவருக்கு யார் மேல் கோபம் என்று கேட்டு, அதை அடியோடு நீக்கச் சொன்னார். பேஸ்காரருக்காக இடது கையால் எழுதினார். 'எங்களை யாரும் கவனிப்பதில்லை. இந்தப் பாட்டிலும் கவனிக்க வழியில்லை. பாடுகிறவர் மூச்சு விட்டால்தானே? பாடுகிறவர் இல்லாவிட்டால் பாட்டு நன்றாக இருக்கும்.' பாடகர் சாய்ந்த எழுத்தில், குரலில் ஒரு வசீகரம் உண்டு என்றும், தன் குரல் அளவுக்கு இல்லை என்றும், பேஸ் கிட்டார் வருகிறபோதெல்லாம் வயிறு சரியில்லாதவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல் இருப்பதால் அதை விட்டுவிடலாம் என்றும் எழுதினார்.

எழுதி முடித்துப் படித்துப் பார்த்தவருக்கு முகம் சுண்டிவிட்டது. பீரோவா? ஆறு வாரம் விரல் தேய்ந்து வாசித்தது பீரோவா? அந்த டிரம்மர் யார் இதைச் சொல்ல? கொண்டுவந்த மதியச் சாப்பாடு அவருக்கு இறங்கவில்லை. மூன்றாவது வரியில் தாளம் ஓடுவது உண்மைதான் என்பது இன்னும் அதிகமாக வலித்தது. அது அவருக்கு ஒரு வருஷமாகவே தெரியும். யாரும் சொல்லாததால் இல்லை என்று வைத்துக்கொண்டிருந்தார்.

அப்புறம்தான் ஞாபகம் வந்தது, நாலு பேரும் எதையாவது பாராட்டியும் ஆக வேண்டும் என்று. எதை? ஒருத்தர் வாத்தியத்தை இன்னொருத்தர் பாராட்டமாட்டார். நாலு பேருக்கும் சொந்தமில்லாததாக ஒன்று வேண்டும். யோசித்து யோசித்து ஒன்றைப் பிடித்தார். ரெண்டாவது பாட்டின் கடைசியில் மெல்லிசாக ஒரு ஹம்மிங் வரும். அது எப்படி வந்தது என்று அவருக்கே தெரியாது. கம்ப்யூட்டரில் எந்தப் பட்டனையோ தட்டியதில் தானாக முளைத்தது என்று நினைத்து, நன்றாக இருக்கிறதே என்று விட்டுவைத்திருந்தார். அந்த ஹம்மிங்கை டிரம்மர் மெச்சினார், கிட்டார்காரர் கொண்டாடினார், பேஸ்காரர் கண்ணீர் விட்டார், பாடகர் பொறாமைப்பட்டார். நாலு கடிதத்திலும் கடைசி வரி மட்டும் ஒன்றுதான். இந்த ஹம்மிங்குக்குச் சொந்தக்காரருக்கு வெளிச்சமான, அமைதியான ஒரு தனி அறை கட்டாயம் தேவை. எழுதிவிட்டுப் பேனாவை மூடியபோது அவருக்குத் தன்மேலேயே ஒரு மரியாதை வந்தது.

அன்று சாயங்காலம் அவள் நாலு கடிதத்தையும் மேஜையில் பரப்பி வைத்து, துணி வெட்டும்போது கோடு போடுகிற சாக்குக்கட்டியைக் கையில் எடுத்துக்கொண்டாள். ஒன்று விடாமல் சத்தமாகப் படித்தாள். பீரோ வந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் நிறுத்தி, மறுபடி படித்தாள். கண்ணாடிக்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெரிய மனுஷங்கதான். தொழில் தெரிஞ்சு சொல்லியிருக்காங்க" என்றாள். "டிரம்மர் கிட்டாரை எடுக்கச் சொல்றார். எடுத்தாச்சு. கிட்டார்காரர் டிரம்ஸை எடுக்கச் சொல்றார். எடுத்தாச்சு. பாடகர் பேஸ் வேணாம்கறார். பேஸ்காரர் பாடறவரே வேணாம்கறார்."

ஒவ்வொன்றுக்கும் மேஜையில் ஒரு வெள்ளைக் கோடு இழுத்தாள். வெட்டச் சொன்ன இடத்தில் வெட்டுவதுதான் தையல்காரிக்கு அழகு. கடைசியில் மிச்சம் என்ன இருக்கிறது என்று கேட்டாள். ஹம்மிங் என்று அவர் ஈனஸ்வரத்தில் சொன்னார்.

"அதைக் கொஞ்சம் போடுங்க, கேப்போம். சத்தத்தை நல்லாக் கூட்டுங்க."

போட்டார். ஹம்மிங் எழுந்தது. சத்தத்தைக் கூட்டக் கூட்ட அதற்கு அடியில் 'டக டக டக டக' என்று ஒன்று கேட்டது. அவர் எப்போதும் அந்த இடத்தில் சத்தத்தைப் படிப்படியாகக் குறைத்துவிடுவார். இன்று குறைக்காததால் ஹம்மிங் முடிந்து, மிஷின் நின்று, கத்தரிக்கோல் ஒரு தடவை 'கரிச்' என்று வெட்டி, அப்புறம் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து தெள்ளத் தெளிவாக ஒரு குரல் வந்தது.

"ஏங்க, அடுப்பை அணைச்சீங்களா?"

முட்டை அட்டை தடுக்காத குரல். பதினைந்து வருஷமாக அவர் கேட்டுக்கொண்டிருக்கிற குரல்.

அவள் கடிதங்களை ஒன்றாக அடுக்கி, ஓரம் தட்டி நேராக்கினாள். நாலு பெரியவர்களும் ஒரே குரலில், ஹம்மிங்குக்குச் சொந்தக்காரருக்குத்தான் தனி அறை என்று எழுதியிருக்கிறார்கள், வெளிச்சம் வேண்டும் என்று கூடச் சொல்லியிருக்கிறார்கள், எனவே அந்தக் கம்பளியை ஜன்னலிலிருந்து நாளைக்கே எடுத்துவிடலாம் என்றாள்.

"அவங்க அந்த அர்த்தத்துல எழுதலம்மா."

"அது எப்படி உங்களுக்குத் தெரியும்? எழுதினது அவங்கதானே?"

கண்ணாடிக்காரர் எழுந்து போய்க் கம்ப்யூட்டரை அணைத்தார்.

சனிக்கிழமை மிஷின் இடம் பெயர்ந்தது. ஒரு பக்கம் அவர்தான் பிடித்தார். ஆனால் அவள் ஒன்றும் கல்நெஞ்சுக்காரி இல்லை. மூலையில் அவருடைய கம்ப்யூட்டருக்கும் ஒரு நாற்காலிக்கும் இடம் விட்டு, மைக்கைத் தொடவேண்டாம், அது இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்றாள். அவள் திரைச்சீலை தைக்க, மிஷின் ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் சும்மா கிட்டாரை எடுத்து அதோடு சேர்ந்து வாசித்துப் பார்த்தார். மூன்றாவது வரி வந்தது. தாளம் ஓடவில்லை. மிஷின் ஓடவிட்டால்தானே? அவள் தன்னை மறந்து ஹம்மிங் செய்ய ஆரம்பித்தாள். அவர் விரலைப் பதமாக வைத்து, பீரோ நகராமல் வாசித்தார். சொன்னால் அவர் ஒத்துக்கொள்ளமாட்டார், அவர் வாசித்ததிலேயே அதுதான் உருப்படியான பாட்டு. அறை போன துக்கம் அவருக்கு அன்று சாயங்காலத்துக்குள் தீர்ந்துவிட்டது.

ராத்திரிச் சாப்பாட்டில் அவள் அடுத்த குண்டைப் போட்டாள். இவ்வளவு மெனக்கெட்டு எழுதிக் கொடுத்த நாலு பேருக்கும் நாளை மதியம் நம் வீட்டில் சாப்பாடு, நீங்களே கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள் என்றாள். தலையை மட்டும் ஆட்டினார். ஆட்டாத தலை அந்த வீட்டில் அவருக்கு ஏது.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து சமையலறையில் தாளிக்கும் வாசனை. அவர் தெருமுனை வரை நடப்பதும் திரும்புவதுமாக இருந்தார். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. ஒரு மணி அடித்ததும் உள்ளே வந்து, மனப்பாடம் செய்ததை ஒப்பித்தார். டிரம்மருக்குக் கை சுளுக்கு. கிட்டார்காரர் ஊரில் இல்லை. பாடகருக்குத் தொண்டைக்கட்டு, ரெண்டு நாளைக்கு வாயைத் திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"பாவம்" என்றாள் அவள், பாத்திரத்தை மேஜைக்குக் கொண்டுபோய்க்கொண்டே. "பேஸ்காரர்?"

பேஸ்காரரை அவர் சுத்தமாக மறந்துபோயிருந்தார். எங்களை யாரும் கவனிப்பதில்லை என்று அந்த மனிதர் இடது கையால் எழுதியது எவ்வளவு உண்மை என்று அப்போதுதான் தெரிந்தது. விழித்தபடியே அவள் பின்னால் போனார்.

மிஷின் போன மேஜை அகலமாக, சுத்தமாக இருந்தது. சாக்குக்கட்டிக் கோடுகள் துடைக்கப்பட்டிருந்தன. மேஜையில் இருந்தது ரெண்டே ரெண்டு தட்டு. ரெண்டு டம்ளர். பாத்திரத்தில் ரெண்டு பேருக்கு அளவான சோறு.

"விருந்துன்னு சொன்னே. ரெண்டு தட்டுதான் இருக்கு?"

"ஆமா. எனக்கு ஒண்ணு, அந்த நாலு பேருக்கும் சேத்து ஒண்ணு" என்றாள். "கத்தரிக்காய் வைக்கல, நாலு பேருக்குமே ஆகாதே. கையக் கழுவிட்டு வாங்க, ஆறிடும்."