ரெண்டு நிமிஷத்தாரின் கதவு

எண்பதுகளில் வளைகுடா முழுவதிலும், ஒரு வெள்ளைக்கார ஜெனரல் மேனேஜரின் மகனை வாயைப் பொத்தி உட்காரவைக்கும் அதிகாரம் ஒரே ஒரு தமிழருக்குத்தான் இருந்தது. யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் கம்பெனி ஸ்டோரில் கிளார்க். பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. 'ரெண்டு நிமிஷத்தார்' என்றால் பர் துபாயில் எங்கள் தெருவே ஒதுங்கி நிற்கும்.

வெளியே தார் ரோடு உருகும் ஊரில், உள்ளே ஐஸ் உறையவைத்து வெள்ளைக்காரப் பிள்ளைகள் ஹாக்கி ஆடினார்கள். துபாய், அபுதாபி, அல் ஐன் என்று அணி பிரித்து ஒரு ஜூனியர் லீக். அதற்கு எங்கள் ஜெனரல் மேனேஜர்தான் தலைவர், ஆகவே நாங்கள் கூலியில்லாத வேலையாட்கள். வாரத்தில் எங்களுக்கென்று இருந்த ஒரே வெள்ளிக்கிழமையைப் பிடுங்கிக்கொண்டு, பதிலுக்கு ஆளுக்கொரு பர்கர் கொடுத்தார் அந்த மனிதர். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. எம்.காம். படித்துவிட்டு அக்கவுண்ட்ஸ் பார்த்த எனக்கு கோல் எழுதும் வேலை. ரெண்டு நிமிஷத்தாருக்குத் தண்டனைக் கூண்டு.

மட்டையால் அடித்தாலோ காலை இடறிவிட்டாலோ நடுவர் விசில் ஊதி, அந்தப் பையனை ஓரத்திலுள்ள கண்ணாடிக் கூண்டுக்கு அனுப்புவார். இரண்டு நிமிடம் உள்ளே இருக்க வேண்டும். அதுவரை அவன் அணிக்கு ஓர் ஆள் குறைவு. கதவைத் திறந்து மூடுவதுதான் இவர் வேலை.

அதற்கு அவர் வந்த கோலத்தைப் பார்க்க வேண்டும். குரங்குக் குல்லாய், ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஸ்வெட்டர், கழுத்தில் ஸ்டாப்வாட்ச். ரூமிலேயே மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். வெயிலில் இதைப் பார்த்த பாகிஸ்தானிப் பட்டாணி டாக்ஸிக்காரர், "பாய், காய்ச்சலா? ஆஸ்பத்திரிக்கா?" என்று பதறி மீட்டரே போடாமல் பறந்தார்.

கூண்டில் அவர் பேசியது தமிழும் இரண்டு அரபுச் சொல்லும்தான். "இரும்!" என்பார். கனடாக்காரப் பையனும் உட்காருவான். நியாயம் பேச வாயெடுத்தால் "மாஃபி கதை", கதையே கிடையாது என்பார். அழுதால் பிளாஸ்கிலிருந்து தேநீர். நேரம் முடிந்ததும் கதவைத் திறந்து, "கலாஸ். போம்." அதற்குப் பிறகு அந்தக் குற்றத்தை அவர் நினைத்ததே இல்லை.

"ஸ்டோரிலை ஃபோர்க்லிஃப்ட்காரன்கூட என்னை ஜல்தி ஜல்தியெண்டு கலைக்கிறான், தம்பி" என்று ஒருமுறை சொன்னார். "இந்தக் கதவிலை மட்டுந்தான் நான் சொன்னால் சொன்னது."

அந்த ருசி அவரை விடவில்லை. ஐந்து பேர் இருந்த எங்கள் ரூமுக்கும் லீக் வந்துவிட்டது.

"ஆர் சவுக்காரத்தைத் தண்ணிக்குள்ளை விட்டது? நீரோ? அடுப்படிக் கதிரையிலை இரும். ரெண்டு நிமிஷம்."

சோப்பைக் கரையவிட்டவன், பசியோடு டியூட்டி முடித்து வந்தாலும், அந்த அடுப்படி நாற்காலியில் உட்கார்ந்தான். முடிந்ததும் "கலாஸ்" என்று அவர் கையாலேயே தேநீர் வரும். பழைய குபூஸ் ரொட்டியைத் தள்ளிவிட்ட கீழ்க்கடை மலையாளியை அவருடைய கடைக்கு வெளியிலேயே இரண்டு நிமிடம் நிறுத்தினார். கடைக்காரர் என்னிடம் சொன்னார்: "சாரே, கடை தொறந்ததிலிருந்து நான் சும்மா நின்னது இப்பதான். நல்ல சுகம்."

சீசனின் கடைசி ஆட்டம். மேனேஜரின் மகன் அபுதாபிப் பையனை இடறிவிட்டுக் கூண்டுக்குள் வந்தான். அவன் அணி ஒரு கோல் பின்தங்கியிருந்தது. மேனேஜர் கண்ணாடியை அறைந்து, கதவைத் திறக்கச் சொன்னார். இவர் ஸ்டாப்வாட்சைக் காட்டினார். நடுவரும் எங்கள் கம்பெனி ஆள்தான். ஐஸின் மறுகோடியில் எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். மேனேஜர் என் பக்கம் திரும்பினார்.

என் குடும்ப விசாவுக்கு அவருடைய கையெழுத்து வேண்டியிருந்தது. நான் கூண்டுக்கு ஓடினேன்.

"அண்ணே, தெறந்து விடுங்க. பொழப்பப் பாக்கணும்லா."

"இன்னும் நாப்பது செக்கன் கிடக்கு."

"அவரு மேனேஜரு அண்ணே."

"ஸ்டோரிலை. இஞ்சை நான்."

அவர் கைக்கு மேலாக எட்டித் தாழ்ப்பாளை இழுத்தேன். பையன் பாய்ந்து போனான், கோல் போட்டான், எல்லோரும் கைதட்டினார்கள். ரெண்டு நிமிஷத்தார் திறந்த கதவைப் பிடித்தபடி நின்றார்.

"உள்ளை வாரும், தம்பி. ரெண்டு நிமிஷம்."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு மேசைக்குப் போய் அந்த கோலை எழுதினேன்.

மறுநாள் மேனேஜர், "அந்த ஆளின் வாட்சில் கோளாறுதானே?" என்று கேட்டார். "ஆமாம் சார்" என்றேன். ஸ்டாப்வாட்சைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அடுத்த சீசன் கூண்டுக்கு வேறொருவர். யார் கத்தினாலும் கதவைத் திறந்துவிடும் நல்ல மனிதர். எனக்கு விசா கிடைத்தது. மேனேஜர்மேல் உள்ள கோபத்தை எங்கே வேண்டுமானாலும் கொட்டலாம். என்மேல் உள்ளதைக் கொட்ட இடமில்லை.

குடும்பம் வந்து சேரும்வரை நான் அதே ரூமில்தான் இருந்தேன். ரெண்டு நிமிஷத்தார் என்னோடு சண்டைக்கு வரவில்லை. நாலு பேருக்குத் தேநீர் ஊற்றுவார். என் கோப்பையை மட்டும் கவிழ்த்துவைத்துவிட்டு அடுப்படிக் கதிரையைக் கொஞ்சம் இழுத்துப் போடுவார். தினமும். 'ஒரு கிளார்க் சொல்லி நான் உட்காருவதா?' என்று நான் கடையில் போய்க் குடித்தேன்.

அவர் தொலைவிலுள்ள ருவைஸ் கிளைக்கு மாற்றலாகிக் கிளம்பிய காலையில், கீழே வண்டிக்காரன் "யல்லா, யல்லா" என்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தான். பெட்டியைத் தோளில் வைத்தபடியே அவர் காலால் அந்தக் கதிரையை இழுத்துப் போட்டார். ஸ்டாப்வாட்ச் இல்லாததால் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"டியூட்டிக்கு நேரமாச்சு அண்ணே" என்று சொல்லிவிட்டு நான் செருப்பை மாட்டினேன்.

இப்போது ரிட்டயராகிவிட்டேன், எனக்கு டியூட்டி இல்லை. சமையலறையில் நாற்காலி இருக்கிறது. உட்கார்ந்துதான் பார்க்கிறேன். நேரம் முடிந்துவிட்டது என்று சொல்ல அவர் வர வேண்டும். தேநீரை நானே போட்டுவைக்கிறேன்.